பின்வராந்தாவில் ஒரு தனி அடுப்பு

அக்கா,

இன்று காலை குவார்ட்டர்ஸ் பின்வராந்தாவைக் கழுவும்போது அந்த ஒற்றை அடுப்பை நகர்த்தினேன். மேலெல்லாம் அனல்மின் நிலையச் சாம்பல் தூசி. இந்த ஊரில் அது எதைத்தான் விட்டுவைத்தது? துடைத்தபோது ஓரத்தில் ஒரு சோற்றுப் பருக்கை காய்ந்து கல்லாக ஒட்டியிருந்தது. நீ வடித்த சோறு. நகத்தால் சுரண்டப் போனவள் கையை எடுத்துக்கொண்டேன்.

உன் இதய வால்வு பழுது என்று டாக்டர் சொன்னதும் நீ கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "மாத்திரையில சரியாவாதுங்களா? தங்கச்சி வூட்டுக்குச் செலவு வெக்கக் கூடாதுங்க." ஆபரேஷன்தான் வழி என்றார். சென்னை அரசு ஆஸ்பத்திரியில் வரிசை நீளம். அரசுக் காப்பீட்டு அட்டை இருந்தால் தனியாரில் இலவசமாக, சீக்கிரமே செய்துவிடலாம். அட்டைக்கு வேண்டியது வருமானச் சான்று. "அவ்ளோதானே!" என்றேன். உனக்கு ஏது வருமானம்?

மாமா காய்ச்சலில் போன பிறகு எங்களோடு வந்து சேர்ந்தவள் நீ. பெயர் எந்தக் கார்டிலும் இல்லாமல் போகக் கூடாதே என்று எங்கள் ரேஷன் கார்டிலேயே உன்னைச் சேர்த்தோம். அந்த நல்ல காரியம்தான் வினையாக வந்தது. கிராம நிர்வாக அலுவலர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒங்க வூட்டுக்காரரு மைன்ஸ்ல பெர்மனென்ட்டு. ஒரே கார்டுல இருந்துகினு இந்தம்மாவுக்கு வருமானம் இல்லன்னா எப்படிங்க?"

சரி, அந்தச் சம்பளத்துக்குரிய கம்பெனி ஆஸ்பத்திரிக்கே போவோம் என்று உன்னைக் கூட்டிப் போனேன். "பொண்டாட்டியோட அக்கா ஃபேமிலில வர மாட்டாங்கம்மா" என்றார்கள் கவுன்ட்டரில். அரசாங்கத்துக்கு நீ எங்கள் குடும்பம், கம்பெனிக்கு நீ யாரோ. இரண்டு பேரும் விதிப்படிதான் பேசினார்கள். எனக்கு ஆத்திரமே அதுதான், யார் சட்டையைப் பிடிப்பது? கைக்காசு போடலாமென்றால் சம்பளத்தில் பாதி வீட்டுக் கடனுக்கே போய்க்கொண்டிருந்தது.

தனிக் கார்டு வாங்குங்கள் என்றார்கள். அதற்குத் தனிச் சமையல் நடப்பதை அதிகாரி நேரில் வந்து பார்க்க வேண்டும். அப்படித்தான் இந்த அடுப்பும் சின்ன சிலிண்டரும் வந்தன. "ஒரே கூரையில இருந்துகினு ரெண்டு உலையாடி? சாமி சிரிக்காது?" என்றாய். "அட்டையக் குடுத்துட்டு சிரிக்கட்டும்" என்றேன். உனக்குப் பாடம் வேறு நடத்தினேன். "நான் தனியா ஆக்கித் துன்றேங்க. இவங்களுக்கும் எனக்கும் எந்த ஒட்டும் இல்லீங்க." மூச்சு வாங்க வாங்க நீ ஒப்பித்துப் பழகினாய்.

தாலுகா ஆபீஸ் அம்மா வந்த அன்று எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. நீ சோறு வடித்தாய், பாடத்தை ஒப்பித்தாய். அவரும் பேனாவைத் திறந்தார். அந்த நேரம் பார்த்தா முதல் ஷிப்ட் பஸ் வந்து நிற்க வேண்டும்? என் வீட்டுக்காரர் வாசலில் ஷூவைக் கழற்றினார், நீ பாட்டுக்கு எழுந்து தட்டை எடுத்தாய். "வா தம்பி, சோறு சூடா இருக்குது, ஒரு வாய் துன்னுட்டுப் படு" என்று உன் தனிச் சட்டியிலிருந்தே அவருக்குப் போட்டாய். நான் சாடை காட்டினேன். நீ என் பக்கம் திரும்பினால்தானே! நேராக என் சமையலறைக்குள் போய்க் குழம்பையும் எடுத்து வந்தாய். பாடம் உன் வாயோடு நின்றுவிட்டது, கை அதன் பழக்கத்துக்குப் போய்விட்டது.

அந்தம்மா கெட்டவர் இல்லை. "ஒங்க சோத்த அவரு துன்றாரு. அவங்க கொழம்ப நீங்க ஊத்துறீங்க. இதப் போயி ரெண்டு குடும்பம்னு நான் எப்படிங்கம்மா எழுதறது?" என்றார். அவர் முகமும் வாடித்தான் போனது. நீ கரண்டியும் கையுமாக நின்றாய். அவர் போனபின், "பசியோட வந்த புள்ளையப் பாத்துகினு சும்மா இருக்க முடியலடி" என்றாய்.

மறுபடி மனு எழுதிப் போட்டோம். குவார்ட்டர்ஸுக்கு வெளியே, வடக்குத்து ஊர்ப் பக்கம் உனக்கு வாடகை அறை தேடினோம். எதுவும் கைகூடவில்லை. சென்னை வரிசை நகர்வதற்குள், அடைமழையில், இதே வராந்தாவில் மூச்சுத் திணறி நீ போய்விட்டாய்.

எதுவும் மாறவில்லை, அக்கா. போன வாரம் அடுத்த ப்ளாக்கிலிருந்து ஒருத்தி வந்தாள். அவள் வீட்டிலும் மாமியாரின் தங்கை ஒருவர் நோயோடு இருக்கிறார். சின்ன சிலிண்டர் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டாள். கடையைச் சொன்னேன். ஷிப்ட் முடிகிற நேரத்தில் ஆய்வு வராமல் பார்த்துக்கொள் என்றும் சொன்னேன். வேறென்ன சொல்ல முடியும்?

அடுப்பைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். பருக்கையும் அப்படியே இருக்கிறது. உன் இறப்பைப் பதியப் போன நாள்தான் நினைவுக்கு வருகிறது. "நீங்க அவங்களுக்கு என்ன ஆவணும்?" என்று கேட்டார் அங்கிருந்தவர். "தங்கச்சி" என்றேன். சொன்ன கையோடு அத்தாட்சி எடுக்கப் பைக்குள் கையை விட்டேன்.

"அதெல்லாம் வேணாம்மா, சொன்னா போதும்" என்று அவர் எழுதிக்கொண்டார்.