லிண்டன் குடியிருப்பின் மேற்குச் சுவரைப் பிரித்துப் பார்க்க வேண்டி

அனுப்புநர்
கிளிஃபோர்ட் தாக்ரே (வயது 79),
கட்டட நிறுவன உரிமையாளர் (ஓய்வு),
ஹேசல் இல்லம், மார்ல்ஸ்பி, யார்க்‌ஷயர்.

பெறுநர்
கட்டடப் பாதுகாப்பு அதிகாரி அவர்கள்,
நகர மன்றம், மார்ல்ஸ்பி.

பொருள்: லிண்டன் குடியிருப்பில் வசிப்போரை உடனே வெளியேற்றி, மேற்குச் சுவரைச் சோதிக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. கொத்தனார் மகனாகப் பிறந்து, இவ்வட்டாரத்தில் பதினான்கு கட்டடங்கள் எழுப்பிப் பெருஞ்செல்வம் சேர்த்தவன் நான். இப்புகார் என் மீது நானே கொடுப்பது.

2. 1994இல் ஏழு மாடி லிண்டன் குடியிருப்பைக் கட்டியபோது, வெளிச் செங்கல் சுவரை உட்சுவரோடு பிணைக்கும் எஃகுக் கம்பிகள் வந்துசேரத் தாமதமாயிற்று. குளிர்காலத்துக்கு முன் முடிக்கும் அவசரத்தில், பாதிக் கம்பிகூட இல்லாமல் மேற்குச் சுவரை ஏற்றச் சொன்னேன். மேஸ்திரி லென் ஹார்ஸ்ஃபால், "முதலாளி, இந்தச் செவுரு நிக்கிறது நம்ம நெனப்புல மட்டுந்தான்" என்றார். "மூடிட்டா யாருக்குத் தெரியும்? மேல ஏத்துய்யா" என்றேன். அன்று மாலையே சாந்து பூசும் கரணையை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை.

3. கடந்த மார்ச் மாதப் புயலில், ஐந்தாம் மாடியிலிருந்து ஆள் உயரத்துக்குச் செங்கல் பெயர்ந்து சைக்கிள் கொட்டகைமேல் விழுந்தது. பகல் பதினொரு மணி. அங்கே யாரும் இல்லாதது தெய்வச் செயல். இப்போது நிறுவனத்தை நடத்தும் என் மகள் கில்லியன், புயல் சேதம் என்று தங்களுக்கு எழுதிவிட்டு ஓட்டையை அடைத்தாள். நான் உண்மையைச் சொன்னபோது, "அப்பா, முந்நூறு பேரோட வேலை போயிடும். பேசாம இருங்க" என்றாள். அவள் சொன்னதும் பொய்யில்லை.

4. அதன்பின் வீட்டில் என் கால் தரிக்கவில்லை. காற்றடிக்கும் நாளெல்லாம் லிண்டனுக்குப் போய், மேற்குச் சுவர் வெளியே தள்ளியிருக்கும் புடைப்பு கூடியிருக்கிறதா என்று பார்த்தபடி நடக்கிறேன். தங்கள் அலுவலகத்துக்கு நான்கு முறை தொலைபேசினேன். எழுத்தில் தரச் சொன்னார்கள்.

5. நேற்று, ஐந்தாம் மாடியில் வசிக்கும் மோரீன் கிளெக் அம்மையார் வாசலருகே மழையில் நின்ற என்னைப் பார்த்து, "உள்ள வாங்க பெரியவரே, நனையாதீங்க" என்று தேநீருக்கு அழைத்தார். "இதைக் கட்டினவன் எந்தத் தீவுல வெயில் காயுறானோ!" என்று சிரித்தார். நான் யாரென்று சொன்னேன். கெட்டிலை அப்படியே கீழே வைத்தார். "எத்தனை நாள் தாங்கும்?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

6. வியாழக்கிழமை பலத்த காற்று வீசும் என்கிறது வானிலை அறிவிப்பு. அதற்குள் நாற்பத்திரண்டு குடும்பங்களையும் வெளியேற்ற வேண்டுகிறேன். அவர்களில் எவர் வந்தாலும் தங்க, என் வீட்டின் பதினோரு அறைகளும் தயாராக உள்ளன. சுவரைப் பிரிக்கும்போது கம்பி இல்லாத இடங்களை நானே காட்டுவேன். என் மீது வழக்குத் தொடர்ந்தால் எதையும் மறுக்க மாட்டேன். அந்த அம்மையாரின் கேள்விக்குத் தாங்களாவது போய்ப் பதில் சொல்ல வேண்டுமென்று இறைஞ்சுகிறேன்.

இடம்: மார்ல்ஸ்பி
நாள்: 13.11.2023

இப்படிக்கு,
கிளிஃபோர்ட் தாக்ரே
(கையொப்பம்)