ஆளுக்கொரு கழி

7.11.83 திங்கள்

ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டிறங்கி ஆறு மைல் சேற்றில் நடந்து பள்ளிக்கூடம் சேரும்போது மணி பதினொன்று. ஓராசிரியர் பள்ளியில் அது ஒரு வசதி, தாமதமாக வந்தால் கேட்க ஆளில்லை. பிள்ளைகள் பாட்டுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். சத்துணவு சமைக்கிற வெள்ளையம்மாள் உட்கார வைத்திருக்கிறாள்.

வாணியம்பாடி வீட்டில் கிளம்பும்போதே லத்தீஃபா முகம் கொடுக்கவில்லை. மாற்றல் மனு என்ன ஆயிற்று என்று கேட்கிறாள். எனக்கென்ன தெரியும்? சகிலா "அத்தா, போகாதே" என்று காலைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றாள். மூன்று வயசுக்கு என்ன பிடி!

இந்த வாரம் நீட்டலளவை. மூன்றாம் வகுப்பு கன்னியம்மாளிடம் ஒரு மீட்டருக்கு எத்தனை என்றேன். "நூறு சென்டிமீட்டர் சாரு." சரி, அந்த நீளத்தைக் கையால் காட்டு என்றால் விழிக்கிறாள். நடுவில் லொக்கு லொக்கென்று இருமல் வேறு. இருமலை வெளியே போய் முடித்துவிட்டு வா என்று எரிந்து விழுந்தேன்.

மீட்டர் கட்டை கேட்டு மூன்று கடிதம் போட்டாயிற்று. பதில் இல்லை. இருப்பது என் முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல் ஒன்றுதான். இதை வைத்து எதை அளப்பது?

8.11 செவ்வாய்

பாடம் நடத்திய திருப்தி இன்றுதான். இந்த மலைக்கு வந்த நான்கு வருஷத்தில் இப்படி ஒரு நாள் இல்லை.

பின்னால் இருக்கும் புதரில் பெரிய பையன்களை விட்டுப் பச்சை மூங்கில் வெட்டிவரச் சொன்னேன். ஆளுக்கொரு கழி, அவரவர் உயரத்துக்கு. நிற்க வைத்தால் எக்குகிறார்கள், நெளிகிறார்கள். அதனால் தரையில் படுக்க வைத்தேன். தலை சுவரில் முட்ட வேண்டும், கை இரண்டும் உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். குதிகால் வருகிற இடத்தில் கழியில் ஒரு கோடு. அங்கே ஒரு வெட்டு.

முதலில் ஒருவரும் வரவில்லை. வெட்கப்படுகிறார்கள் என்று அதட்டினேன். கன்னியம்மாள்தான் "நான் படுக்கறேன் சாரு" என்று பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு படுத்தாள். கழியில் ஸ்கேலை நாலு தடவை வைத்து எடுத்தால் நூற்றுப் பதினேழு சென்டிமீட்டர். பிறகு எல்லோரும். யார் யாரைவிட எவ்வளவு உயரம் என்று அவர்களே கணக்குப் போட்டுக்கொண்டார்கள். நான் சொல்லித்தரவே வேண்டியிருக்கவில்லை. பெயர் எழுதி இருபத்தாறு கழியையும் மூலையில் சாத்தி வைத்தோம்.

ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருத்தன் மட்டும் படுக்காமல் பாதியில் எழுந்து போய்விட்டான். என்ன திமிர். நாளைக்கு இருக்கிறது அவனுக்கு.

9.11 புதன்

ஒரு பிள்ளையும் வரவில்லை. ஒன்றுகூட.

மழை என்று நினைத்தேன். மழையிலும் சோற்றுக்காவது வருவார்களே? வெள்ளையம்மாள் வடித்த சோறு அப்படியே ஆறிக் கிடந்தது. என்ன விஷயம் என்றால் "தெரிலிங்க" என்று பாத்திரத்தைத் தேய்க்கிறாள். அவளுக்குத் தெரியும். என் முகத்தைப் பார்க்கமாட்டேன் என்கிறாள்.

10.11 வியாழன்

இன்றும் காலி வகுப்பு. கரும்பலகையில் தேதி எழுதினேன், பழக்கதோஷம்.

வெள்ளையம்மாளை விடவில்லை. கடைசியில் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எங்கூர்ல ஆளப் படுக்கப் போட்டு அளக்கறது ஒண்ணுத்துக்குத் தாங்க. செத்தாத்தான். பச்ச மூங்கில்ல ஆள் நீளத்துக்குக் கழி வெட்டுவோம். அந்தக் கழிய வெச்சித்தான் குழி தோண்டறது. அப்பறம் கழியும் ஆளோட உள்ள போய்டும்."

மூலையில் இருபத்தாறு கழி. இருபத்தாறு பெயர்.

சரி, எல்லாக் கழியையும் இப்போதே எரித்துவிடுகிறேன் என்றேன். வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, வேணாங்க. வெட்டினா அது அந்தாளுக்குச் சேர்ந்தது. எரிச்சா இன்னா ஆவறது?"

நேற்று முன்தினமே ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். அவள் சோறு போட்டுவிட்டுச் சந்தைக்குப் போயிருந்தாளாம். அவளைக் கத்தி என்ன பயன். நான் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டேனா? பெரிய படிப்புப் படித்தவன்.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னாள். கன்னியம்மாளுக்குச் செவ்வாய்க்கிழமை சாயங்காலத்திலிருந்து ஜுரமாம், கண் திறக்கவில்லையாம்.

11.11 வெள்ளி

எழுதவே கை வரவில்லை.

கன்னியம்மாள் வீட்டுக்குப் போனேன். பிள்ளை பாயில் கிடக்கிறது. மூச்சு விடும்போது விலா உள்ளே போய் வெளியே வருகிறது. உதடு நீலம். எனக்கு வைத்தியம் தெரியாது, ஆனால் இது கஷாயத்தில் தீராது என்று யாருக்கும் தெரியும். இப்போதே ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கலாம், நானும் ஒரு தோள் கொடுக்கிறேன் என்றேன்.

அப்பன் அர்ச்சுனன் கோபப்பட்டிருந்தாலாவது தேவலை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். தரையைப் பார்த்துக்கொண்டு, "அளந்தாச்சில்ல சாரு. இனிமே எங்கத் தூக்கினு போயி இன்னா ஆவப்போவுது" என்றான்.

என்னய்யா மனுஷன் நீ, உயிரோட இருக்கற புள்ளைய வெச்சிக்கினு இப்படிப் பேசறியே, அது வெறும் மூங்கில்யா, நான் கணக்குச் சொல்லிக்குடுக்க வெட்டினது — கத்தினேன். தொண்டை கட்டிக்கொள்ளும் அளவுக்குக் கத்தினேன். ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன்.

கெங்கம்மாள், கன்னியம்மாளின் அம்மா, பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். எப்போதும் 'நீங்க' என்பவள் தலை நிமிர்ந்து சொன்னாள்: "உனக்கும் ஒரு பொண்ணு கீதில்ல? அதுக்கும் ஒரு கழி வெட்டி எம்பொண்ணு கழியாண்ட நிக்க வையி. ஒண்ணும் ஆவாதுன்னு நீதான சொல்ற. வெட்டு, தூக்கறோம்."

சுலபமான காரியம். வெட்டுக்கத்தி வாசலிலேயே கிடந்தது. மூங்கில் நாலடி தூரத்தில். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எம்பொண்ணு அளவு எனக்குத் தெரியாதே" என்றேன். பொய். நின்றால் தலை சரியாக என் தொடையில் இந்த இடத்துக்கு வரும். கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவேன்.

எழுந்து வந்துவிட்டேன். ஓடி வந்துவிட்டேன் என்பதுதான் சரி.

அத்தா மவுத்தானபோது எனக்குப் பதினொரு வயசு. கபர்க்குழி வெட்டுகிறவர் உள்ளே வந்தார். சலாம் சொன்னார். போர்த்திய துணிமேல் ஒரு கயிற்றைத் தலையிலிருந்து கால்வரை நீட்டிப் பிடித்து, முடிச்சுப் போட்டு, சுருட்டிக்கொண்டு போனார். அழாமல் இருந்தவன் அந்த முடிச்சைப் பார்த்துத்தான் அழுதேன். இது எனக்குச் செவ்வாய்க்கிழமை ஏன் ஞாபகம் வரவில்லை? இருபத்தாறு பிள்ளைகளைப் படுக்க வைத்தேனே, ஒன்றில்கூட ஞாபகம் வரவில்லையே.

இது மூடநம்பிக்கை. இது மூடநம்பிக்கைதான். பிறகு ஏண்டா வெட்டவில்லை?

இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அந்தப் பிள்ளை அங்கே மூச்சுக்கு அடித்துக்கொள்கிறது.

12.11 சனி

விடிந்ததும் போனேன். பிள்ளையின் மூச்சுச் சத்தம் வாசலிலேயே கேட்டது. யாரிடமும் பேசவில்லை. கத்தியை எடுத்தேன், புதரில் ஒரு மூங்கிலைப் பிடித்தேன். கெங்கம்மாள் பின்னாலேயே வந்து நின்றாள்.

வெட்டினேன். மூன்று வெட்டு தவறித் தவறி விழுந்தது. கன்னியம்மாள் கழியைப் பள்ளியிலிருந்து எடுத்துவந்து இரண்டையும் சேர்த்து அவர்கள் வீட்டுச் சுவரில் சாத்தினேன். கெங்கம்மாள் என் கழியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உள்ளே திரும்பி, "யோவ், டோலி கட்டு" என்றாள்.

கம்பளியைக் கட்டையில் கட்டி அர்ச்சுனனும் அவன் தம்பியும் தூக்கினார்கள். பாதி வழியில் நான் மாற்றிக்கொண்டேன். தோள் தோல் உரிந்துவிட்டது. உரியட்டும். வழியெல்லாம் மூச்சுச் சத்தம் நிற்கக்கூடாது என்று காதைத் தீட்டிக்கொண்டே நடந்தேன். ஒரு இடத்தில் நின்றுவிட்டதுபோல் இருந்தது. இறக்கிப் பார்த்தோம். இருந்தது.

நிமோனியா, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். ஊசி போட்டிருக்கிறார்கள். நாளைக்குள் தெரியும் என்கிறார்.

இதை எழுதித்தான் ஆகவேண்டும். நான் வெட்டியது சகிலாவின் அளவில்லை. வெட்டப் போகிற இடத்தில் கை நிற்கவே மாட்டேன் என்றது. மேலே, மேலே என்று போய் என் மார் உயரத்துக்கு வெட்டினேன். அவர்களைப் பிள்ளையின் உயிரைப் பணயம் வைக்கச் சொல்லிவிட்டு நான் பொய்க் கழி சாத்திவிட்டு வந்திருக்கிறேன். அவர்கள் அதை நம்பித் தூக்கி வந்திருக்கிறார்கள். யா அல்லாஹ், இந்தப் பிள்ளை பிழைக்க வேண்டும்.

13.11 ஞாயிறு

ஆஸ்பத்திரித் தாழ்வாரம். வீட்டுக்குப் போகவில்லை. ஜுரம் நூற்று நாலு.

14.11 திங்கள்

இன்று குழந்தைகள் தினம். நூற்று மூன்று.

15.11 செவ்வாய்

கண் திறந்தாள். கஞ்சி கேட்டாளாம். அர்ச்சுனன் ஓடிவந்து சொல்லிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் என் கையைப் பிடித்து ஆட்டினான். ஆஸ்பத்திரிக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன், வெகுநேரம் கழுவிக்கொண்டே இருந்தேன்.

21.11 திங்கள்

சனி, ஞாயிறு வீட்டில். லத்தீஃபாவிடம் எதுவும் சொல்லவில்லை. சகிலா என்மேல் ஏறித் தூங்கினாள். என்ன, இப்படி வெறித்துப் பார்க்கிறீர்கள் என்று லத்தீஃபா இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

இங்கே வந்தால் மூலையில் கழிகள் இல்லை. பிள்ளைகளின் அப்பாக்கள் வந்து அவரவர் கழியை எடுத்துப் போனார்கள் என்றாள் வெள்ளையம்மாள். என்ன செய்தார்கள் என்று கேட்கவில்லை. சொல்ல வேண்டியதென்றால் சொல்வார்கள்.

பதினொரு பேர் வந்தார்கள். நீட்டலளவை எடுக்கவில்லை. பாட்டும் கதையுமாகப் போயிற்று.

28.11 திங்கள்

கன்னியம்மாளைக் கெங்கம்மாள் கைபிடித்துக் கூட்டிவந்தாள். பிள்ளை இளைத்து முகமெல்லாம் கண்ணாக இருக்கிறது. உள்ளே அனுப்பிவிட்டு அவள் கதவோரம் நின்றாள். இன்றைக்கு விட்டால் இனிமேல் வாய் வராது என்று நான் ஆரம்பித்தேன். அந்தக் கழி, என் பெண்ணுக்கு வெட்டினேனே —

"தெரியும் சாரு. மூணு வயசுப் பொண்ணு உன் மாருக்கு இருக்குமா?"

தெரிந்தும் ஏன் தூக்கினீர்கள் என்றேன்.

"உன் கை அப்பிடி ஆடிச்சே. அதுவரிக்கும் எங்க புள்ளைங்க உனக்கு வெளையாட்டுன்னு நெனச்சினு இருந்தேன்." முந்தானையை இழுத்துச் செருகினாள். "பயப்படற ஆளுதான், நம்பித் தூக்கலாம்னு தோணிச்சி. வர்றேங்க, சாமை அறுப்பு கீது."

போய்விட்டாள். நான் உள்ளே வந்து வருகைப் பதிவேட்டை எடுத்தேன். இருபத்துமூன்று பேர். வரிசையாகக் கூப்பிட்டு மூன்றாம் வகுப்புக்கு வந்தேன்.

"கன்னியம்மாள்."

"உள்ளேன் ஐயா."

காதில் விழாதவன்போல் இன்னொரு தடவை கூப்பிட்டேன்.