அபி போட்ட என் வேஷம்

ஓகஸ்ட் 17, ஞாயிறு

இன்றைக்கு எங்கள் தெருப் பிள்ளைகள் எதிர்வீட்டுக் கார்டனில் பெட்ஷீட்டைத் திரையாகக் கட்டி ஒரு ஷோ நடத்தினார்கள். ஒருவன் முகத்தில் ஒருவன் ஷேவிங் நுரையை அப்பினான். பிறகு அந்த வீட்டு எட்டு வயது அபி, தாயின் சேலையைச் சுற்றிக்கொண்டு நானாகவே வந்தாள். முன்னால் இருந்த மொட்டைத்தலைக்காரரிடம், "என்ன அண்ணை, தலைமயிரை ஹீத்ரோ எயார்போர்ட்டிலை பறிச்சுப்போட்டாங்களோ?" என்று என் குரலிலேயே கேட்டாள். நான்தான் எல்லோரையும் விடப் பெரிதாகச் சிரித்தேன்.

அதோடு விட்டாளா? எல்லோருக்கும் கை காட்டிவிட்டுத் திரும்பி, சிரிப்பை நிற்பாட்டி, படியில் பொத்தென்று குந்தி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். சனம் அதற்கும் சிரித்தது. நான் எங்கள் வாசலில் அப்படி இருப்பதை மேல் ஜன்னலால் பார்த்திருக்கிறாள், கள்ளி.

என் மனுசன் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "இஞ்சேரப்பா, எவ்வளவு நாளா உனக்கு இப்பிடி?" என்று கேட்டார்.

"அவள் நடிச்சதுக்கு என்னைக் கேட்டால்? போய் அவளைக் கேளுங்கோ."



இப்போது பக்கத்தில் படுத்திருக்கிறார். இத்தனை வருஷமாய் நான் பகிடி பண்ணுகிற அந்தக் குறட்டையைக் காணவில்லை. நான் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறார். நானும் சத்தமில்லாமல் விடத்தான் பார்க்கிறேன். ஏலவில்லை.