நான் அணைத்த விளக்கு

இன்று காலை கார் ஷெட்டைத் திறந்ததும் அமில வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. கூடவே நீங்களும் வந்துவிட்டீர்கள், அதே விறைப்போடு, இடுப்பில் கார் சாவியோடு. போய்ச் சேர்ந்து ஒரு வருடமாகியும் இந்த வீட்டை விட உங்களுக்கு மனசில்லை போலிருக்கிறது.

உங்கள் தாத்தா ஒரு பிரெஞ்சுத் துரையிடம் வாங்கிய கார். அதுதான் உங்களுக்கு மூத்த தாரம்; கட்டின பெண்டாட்டி நான் இரண்டாந்தாரம்தான். உங்கள் தங்கை மகள் கல்யாணத்தன்று, பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்றிய பிறகு கார் கிளம்பவில்லை. பேட்டரி செத்துவிட்டது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டார் தள்ளினார்கள். நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள்.

"ராத்திரி இவதான் ஓட்டிக்கினு வந்தா. வெளக்க அணைக்காம வுட்டுட்டா. அறிவு இருந்தாத்தானே?"

"அணைச்சேங்க."

"வாய மூடு!"

அன்றைக்கு உங்கள் இடுப்பில் ஏறிய சாவி, நீங்கள் சாகும்வரை என் கைக்கு வரவில்லை. என் லைசென்ஸ் பீரோவுக்குள் கிடந்தது. அதற்கப்புறம் எந்த பேட்டரி செத்தாலும் நான் தொட்ட ராசி என்றீர்கள்.

நேற்று முழுக்க சார்ஜ் போட்டும் கார் கிளம்பவில்லை. அதனால் இன்று முதலியார்பேட்டை பேட்டரிக் கடை பஷீர் பாயை வரச் சொன்னேன். அவர் சீட்டுக்குக் கீழே பலகையைத் தூக்கி, பேட்டரியின் மூன்று அறைகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார்.

"ரெண்டு அறை நல்லாத்தான் இருக்குதும்மா. மூணாவது சுத்தமா படுத்துடுச்சு."

"வெளக்கு எரிஞ்சுக்கினே இருந்திருந்தா, பாய்?"

"அப்டின்னா மூணும் சேர்ந்துதானேம்மா படுக்கும்?"

அந்த மூன்றாவது அறையின் மூலையில் நீங்கள் அடித்த மர ஆப்பு. ஆயுத பூஜைதோறும் காருக்குச் சந்தனம் தடவி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, "பேட்டரி ஆடக் கூடாது" என்று சுத்தியலால் இறுக்குவீர்களே, அதே ஆப்பு. அது அழுத்திய இடத்தில் பேட்டரிப் பெட்டி விரிசல் விட்டு, அமிலம் கசிந்து, பலகை கருகியிருந்தது. நீங்கள் மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தீர்கள். அது கீழே ஒழுகிக்கொண்டே இருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. எதையும் தூக்கிப்போடாத மனுஷராயிற்றே நீங்கள்! ஷெட்டில் அடுக்கிவைத்திருந்த பழைய பேட்டரிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எல்லாவற்றிலும் அதே மூலையில் விரிசல். கல்யாணத்தன்று செத்ததிலும்தான்.

அட பாவி மனுஷா! ஊரே பார்க்க என்னை அறிவில்லாதவள் ஆக்கினீர்களே! செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். வாய் வலிக்கத் திட்டினேன். பஷீர் பாய் காது கேட்காதவர் மாதிரி வாசலில் போய் நின்றுகொண்டார்.

அப்புறம் புது பேட்டரியை வைத்தார். ஆப்புக்குப் பதில் ரப்பர் பட்டை கொடுத்து, அளவாகக் கட்டினார். ஆப்பை நான் மதிலுக்கு வெளியே எறிந்தேன். சாவியைத் திருகியதும் கார் கிளம்பிவிட்டது.

நானே ஓட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனேன். ஜோராக ஓடியது. ஓரமாக நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டு, கடலைப் பார்க்க நாலு எட்டு நடந்தேன். பிறகு திரும்பி ஓடி வந்து, விளக்கு அணைந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன்.

பட்டப்பகல். விளக்கை நான் போடவே இல்லை.