மாப்பிள்ளை ஜீப்பில் விழுந்த முள் கோடுகள்

கார்த்திகை 8, திங்கள்

விடியும்போதே மஞ்சு மூட்டம். எதிர் வீட்டு ஓடுகூடத் தெரியவில்லை. நல்லதாய்ப் போயிற்று. யாரும் பார்ப்பதற்குள் ஜீப்பைக் கழுவியாக வேண்டும்.

மாப்பிள்ளை சரவணன் ஆபீஸ் வேலையாகச் சென்னையில். தன் புது ஜீப்பை நம் ஷெட்டில் விட்டுப் போயிருக்கிறார். கன்னங்கரேல் என்று கருப்பு. மகள் தேவி தன் வளையலை அடகு வைத்து அவருக்கு எடுத்துக் கொடுத்தது. "அப்பாகிட்ட சாவி இருந்தா ஒரு தூசி படாது" என்று அவரிடம் சொன்னவளும் அவள்தான். வயிற்றில் ஐந்து மாதம். இப்போது அய்யம்பாளையத்தில் சித்தி வீட்டில்.

நான் நேற்று பூண்டு விலை பேசுகிற சாக்கில் வண்டியைப் பூண்டிக்கு எடுத்துப் போய்விட்டேன். ஊரே திரண்டு வந்து பார்த்தது. என் மருமகன் வண்டி என்று ஐந்நூறு பேரிடமாவது சொல்லியிருப்பேன். திரும்பும்போது தோட்டத்துப் பாதை, இரண்டு பக்கமும் முள். வண்டி முழுக்கச் சீப்பால் வாரியது போல் கோடு.

மாப்பிள்ளை திட்டமாட்டார். பேசாத மனுஷன். ஒன்றரை வருஷத்தில் என்னிடம் பேசியதை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம். ஆனால் தேவி அவர் முன்னால் தலை குனியக் கூடாது. சனிக்கிழமை இருவரும் வருகிறார்கள்.

மாலை: தேங்காய் எண்ணெய் தடவினேன். ஒரு கோடு இல்லை. இதற்கெல்லாம் படிப்பு வேண்டாம்.

9, செவ்வாய்

எண்ணெயில் தூசி ஒட்டிக்கொண்டது. கோடுகள் எல்லாம் நேற்றைவிடத் தெளிவாக.

பஜாரில் ரகுமான் பாயின் வண்டிச் சாமான் கடை. மரம் ஒன்று குறுக்கே விழுந்தது, ஒற்றை ஆளாகத் தூக்கிப் போட்டேன், கிளை உரசிவிட்டது என்றேன். பாய் என் தோளைப் பார்த்தார். காம்பவுண்டு என்று ஒரு பசை, ஸ்பாஞ்சு, மெதுத்துணி கொடுத்தார்.

"நகத்த வச்சு இழுத்துப் பாருங்கண்ணே. வழுக்குச்சுன்னா மேலாப்புலதான் இருக்கு, தேச்சாப் போயிரும். நகம் மாட்டுச்சுன்னா கைய வைக்காதீங்க."

வாங்க மறந்தது: கோதுமை மாவு, வீட்டுக்காரி பாக்கியத்தின் மூட்டு வலி மாத்திரை. ஏச்சு.

10, புதன்

மழை. ஷெட்டுக்குள் வேலை. இரண்டு தடவை நன்றாகக் கழுவினேன். மண் ஒரு துளி இருந்தாலும் தேய்க்கும்போது புதுக் கோடு விழுமாம். துடைத்து, பசை கொஞ்சம், அழுத்தாமல் தேய்ப்பு.

எனக்கு நகமே இல்லை, கடித்தே தீர்த்துவிட்டேன். பாக்கியம் வந்து தன் நகத்தால் ஒவ்வொரு கோடாக இழுத்துப் பார்த்துச் சொன்னாள். வழுக்குது, வழுக்குது, வழுக்குது. அடுப்பில் ரசம் பொங்கியது, போகவில்லை. "பொண்ணு பாக்க வந்தன்னைக்கி இந்தக் கைய இவ்வளவு நேரம் பாக்கலையே நீங்க" என்றாள். அடுத்த கோட்டைக் காட்டினேன். 

தேவி போன் செய்தாள். வண்டி ஷெட்டில் ராஜா மாதிரி நிற்கிறது, தொடவே இல்லை என்றேன். முதல் பாதி பொய் இல்லை.

11, வியாழன்

வலது பக்கம் முடிந்தது. மூஞ்சி பார்க்கலாம். தோள்பட்டை கழன்று கெடக்கு. இரண்டு இட்லி கூடுதல்.

12, வெள்ளி

இடது பக்கமும் போய்விட்டது, எல்லாம். கொடைக்கானலில் இப்படி ஒரு வேலை யாரும் செய்ததில்லை.

ஒன்றைத் தவிர. பின் கதவுக்குக் கீழே விரல் நீளம். இதுவரை துணி வெள்ளையாகவே வந்தது, அங்கே மட்டும் கருப்பாக வந்தது. பெயிண்டு உரிந்து அடியில் வெள்ளைக் கீறல். நகம் மாட்டுகிறது. முள் போட்டதாகத் தெரியவில்லை. தேய்த்தே ஓட்டை போட்டுவிட்டேனோ? பாக்கியம் சாமிக்கு விளக்கேற்றினாள். சாப்பாடு இறங்கவில்லை.

13, சனி

வெயில். வெள்ளனே வந்துவிட்டார்கள். தேவி முகம் தெளிந்திருக்கிறது, கன்னம் வைத்திருக்கிறது. அம்மாவோடு உள்ளே போனாள்.

மாப்பிள்ளை வண்டியைச் சுற்றி வந்தார். மற்ற எங்கும் ஒன்றும் தெரியவில்லை, சத்தியம். பின் கதவருகே குத்தவைத்து உட்கார்ந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மெதுவாகச் சொன்னார்: "இது நான் போட்டது மாமா. போன மாசம் வாசல் கேட் கம்பில இடிச்சுட்டேன். தேவிக்குத் தெரியாது. அவ வளையல நெனச்சு சொல்லத் தைரியம் வரல. மேல பெயிண்டு தடவி மறைச்சு வச்சிருந்தேன்." காது சிவந்துவிட்டது. குழந்தை மாதிரி இருந்தார்.

அதற்குள் தேவி காபியோடு வந்துவிட்டாள். பார்த்துவிட்டாள். "இது என்னது?"

அவர் எழுந்து வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். பூண்டி ரோட்டில் காட்டெருமை, கொம்பை வைத்து இழுத்துவிட்டது, நான் ஹாரன் அடித்திராவிட்டால் கதவே போயிருக்கும் என்றேன்.

"பூண்டி ரோட்டுலயா? தொடவே இல்லன்னியேப்பா."

ஆமாம் என்றேன். திட்டினாள். இந்த வயதில் ஊருக்குப் படம் காட்ட அடுத்தவர் வண்டிதான் கிடைத்ததா என்றாள். சரிதானே. தலையைக் குனிந்து நின்றேன். பாக்கியம் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை காபியை வாங்கி என் கையில் கொடுத்தார். பிறகு, அந்தப் பேசாத மனுஷன், தேவியிடம் சொல்கிறார்: "மாமாவ விடு தேவி. ஒரு எருமைன்னா அவரே சமாளிச்சிருப்பாரு. மூணுக்கு மேல வந்துச்சாம்ல."

நான் சொன்னது ஒன்றுதான்.