தமன்னாவின் முறை

காலடிப்பேட்டை,
8.7.2024

மரியாதைக்குரிய ஜெயக்கொடி டீச்சருக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் நாற்பது பேர் கைகூப்பும் படம் அனுப்புவார்கள். அதனால் மகள் ரூஹியின் பையிலேயே கடிதம் வைக்கிறேன். அவளுடைய சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டியதற்கு நன்றி. திறப்பு விழாப் படத்தில் பதினோரு பெரியவர்களும் ரூஹியின் ஒரு சக்கரமும் தெரிகிறார்கள். குறையாகச் சொல்லவில்லை. மதியம் அவளோடு உட்கார்ந்து சாப்பிட ஒரு பிள்ளை இருந்தால் போதும்.

அன்புடன்,
தாஹிரா

11.7.2024

அன்புள்ள தாஹிராவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தலைமையாசிரியரிடம் காட்டினேன். அவர் 'தோழமைத் திட்டம்' என்று பெயர் வைத்து, ஐந்தாம் வகுப்பு முழுவதற்கும் முறை போட்டுவிட்டார். தினம் ஒரு பிள்ளை ரூஹியோடு சாப்பிட்டு, நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். நன்னடத்தைக்கு இரண்டு மதிப்பெண். நல்லதாகவே முடியட்டும்.

ஜெயக்கொடி

20.7.2024

அன்பான டீச்சருக்கு,

எங்கள் தெரு நிதிஷ் தன் முறையன்று எட்டே நிமிடத்தில் சாப்பிட்டுக் கையெழுத்துப் போட்டானாம். அவன் நல்ல பையன்தான்.

நேற்று ரூஹி அழுதாள். துருவிக் கேட்டபோதுதான் சொன்னாள். வெள்ளிக்கிழமைதோறும் அவள் வகுப்புத் தமன்னா தானாகவே வந்து இவள் டப்பாவிலிருக்கும் நெத்திலி வறுவலைப் பிடுங்கித் தின்பாளாம். "இன்னாடி, உங்கம்மா மீன மொளகாவுல குளிப்பாட்டிக்கீறாங்க" என்று திட்டிக்கொண்டே தின்பாளாம். டப்பா காலியாக வந்ததைப் பார்த்து, மகளுக்கு நல்ல பசி என்று நான் மகிழ்ந்திருந்தேன். நேற்று வந்தவளை, உன் முறை இருபத்தாறாம் தேதி என்று பள்ளி ஆயா திருப்பி அனுப்பிவிட்டாராம்.

நான் கேட்டது ரூஹியிடம் முன்பே இருந்திருக்கிறது, டீச்சர். பட்டியலை எடுத்துவிடுங்கள்.

தாஹிரா

23.7.2024

அன்புள்ள தாஹிராவுக்கு,

தலைமையாசிரியரிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். திட்டம் மாவட்ட முன்மாதிரித் தேர்வுக்குப் போயிருக்கிறதாம். பார்வையிட வருபவர்கள் வந்து போகும்வரை கைவைக்க முடியாதாம். தமன்னாவிடம் நானே பேசினேன். "என் டேர்ன் வெள்ளிக்கிழம, மிஸ். அப்ப போறேன்" என்றாள், கைகட்டிக்கொண்டு. அந்தப் பிள்ளை கைகட்டி நான் பார்த்ததில்லை.

மன்னியுங்கள்.

ஜெயக்கொடி

26.7.2024

டீச்சருக்கு,

இதை நிதிஷிடம் கொடுத்தனுப்புகிறேன். ரூஹிக்கு இன்று விடுப்பு வேண்டும். காய்ச்சல் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

சீருடை போட்டு, தலை பின்னி முடித்த பிறகு போகமாட்டேன் என்றாள். தமன்னா வரும் நாளாயிற்றே என்றேன்.

"இன்னிக்கு அவ கையெழுத்துப் போட வருவா. அத்த நான் பாக்கணுமா?"

அவளே பின்னலை அவிழ்க்கத் தொடங்கினாள். நான் தடுக்கவில்லை.

தாஹிரா