குதிரைச் சாமியிடம் என்ன நேர்ந்தீர்கள்?

இன்று காலை உங்கள் குளிர்கோட்டை அலமாரியிலிருந்து எடுத்தேன். பாச்சை உருண்டை வாசம் குப்பென்று அடித்தது. மகள் அடுத்த மாதம் ஸ்டாக்ஹோமுக்கு வரச் சொல்லி டிக்கெட் போட்டிருக்கிறாள். உங்கள் கோட்டையே போட்டுக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். உள்பையில் கையை விட்டபோது உங்கள் கைக்குட்டை அகப்பட்டது. அதன் மூலையில் ஒரு முடிச்சு. தடவிப் பார்த்தால் உள்ளே காசு. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் காசை எங்கே முடிந்து வைத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். எதற்காக என்றுதான் தெரியவில்லை.

போன முறை நாம் ஸ்டாக்ஹோமுக்குப் போயிருந்தபோது, ஒரு நாள் மகள் வேலைக்குப் போய்விட்டாள். நாம் இருவரும் அந்தப் பழைய நகரத்தை நடந்தே சுற்றிப் பார்க்கக் கிளம்பினோம். மார்பில் கட்டியை எடுத்து எனக்கு உடம்பு தேறாத நேரம். ஊர் திரும்பியதும் மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நம் ஊர்க் கிள்ளான் கடைத்தெருவில் என்னைப் பின்னால் விட்டுவிட்டு விறுவிறுவென்று போகும் மனிதர், அங்கே என் நடைக்கு நடந்தீர்கள். தெருவெல்லாம் கல் பதித்த மேடு பள்ளம். இரண்டு பேர் சேர்ந்து போக முடியாத ஒரு சந்தில் என்னை முன்னால் விட்டு, முதுகில் கையை வைத்தபடி ஏறி வந்தீர்கள். சதுக்கத்தில் சிவப்பும் மஞ்சளுமாக நின்ற பழைய வீடுகளைப் பார்த்து, நம் பக்கத்து வீட்டுக்காரர்தான் இங்கேயும் வந்து பெயின்ட் அடித்திருக்கிறார் என்றீர்கள். தையல் போட்ட இடம் வலிக்க வலிக்கச் சிரித்தேன்.

பிறகு அந்தப் பெரிய தேவாலயம். வாசலில் நின்று சப்பாத்தைக் கழற்றினீர்கள். உங்களைப் பார்த்து நானும் கழற்றினேன். அங்கே வேலை செய்யும் பெண் ஓடிவந்து, வேண்டாம், தரை குளிரும் என்றாள். நீங்கள் கேட்கவில்லை. காலுறையோடு உள்ளே போனோம். அங்கே மரத்தில் செதுக்கிய ஒரு வீரன், குதிரைமேல் உட்கார்ந்து வாளை ஓங்கிக்கொண்டிருந்தான். யாரோ ஒரு புனிதர், பறக்கும் நாகத்தைக் கொல்கிறார் என்று எழுதியிருந்தது. பந்திங் ரப்பர் தோட்டத்தில் பிறந்த உங்களுக்குக் குதிரையும் வாளும் இருந்தால் போதாதா?

"நம்ம மதுரை வீரன் லா. இவ்ளோ தூரம் வந்து உக்காந்திருக்காரு," என்றீர்கள்.

கையெடுத்துக் கும்பிட்டீர்கள். வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு கைக்குட்டையை எடுத்து என்னவோ செய்தீர்கள். என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

"சொன்னா பலிக்காது," என்றீர்கள். அத்தோடு பேச்சை மாற்றிவிட்டீர்கள்.

நீங்கள் கண்மூடி நின்ற அதே நேரத்தில் நானும் ஒன்று கேட்டேன். எப்படியும் போகப் போகிறேன், இவருக்கு முன்னால் பூவும் பொட்டுமாகப் போய்விட வேண்டும் என்று கேட்டேன். ஒரே சாமியிடம் இரண்டு பேரும் கேட்டிருக்கிறோம். அவர் உங்கள் பேச்சைத்தான் கேட்டார் போலிருக்கிறது. ஊர் திரும்பிச் சோதித்ததில் எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள் பிள்ளையைப் போல அழுதீர்கள். அடுத்த வாரம் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தீர்கள். ஒரு நாள் தலைவலி என்று படுத்தவரில்லை நீங்கள்.

சாயங்காலம் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். பூசாரி முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு நேந்தாலும் குடும்பம் செலுத்தலாம்மா. ஆனா என்ன நேந்தாருன்னு தெரியணுமே," என்றார்.

தெரியவில்லையே. மகளிடம் கேட்கவும் வாய் வரவில்லை. உங்கள் அப்பா கோழி நேர்வார், சுருட்டு நேர்வார் என்று சொல்லியிருக்கிறீர்கள். அப்படி ஏதாவது என்றால் என்ன பாடுபட்டாவது செலுத்திவிடுவேன். அந்தக் கல் தெருவில் தனியாக நடந்து போய், வெறுங்காலோடு அந்தக் குதிரை முன்னால் நிற்பேன். யார் தடுத்தாலும் நிற்பேன்.

ஆனால் எனக்குப் பதிலாக நீங்கள் எதைக் கொடுப்பதாகச் சொன்னீர்கள்? கனவில் வந்தாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள். கோழி என்று சொல்லுங்கள். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு கோழிதான் என்று சொல்லிவிடுங்கள்.